மாண்டவர் கணக்கும் மீண்டவர் கணக்கும்

ஒரே வாரத்தில் 8,297 பிணங்கள்! அவற்றில் 7,165 பிளேக் எனும் கொள்ளை நோய் தந்தவை! 1665ஆம் ஆண்டு, செப்டம்பர்த் திங்கள் 19ஆம் நாளோடு முடிந்த வாரத்தில் இலண்டன் மாநகரின் இடுகாடுகள் பெற்ற வரவு இது. வரலாற்று ஏட்டில் மட்டுமல்ல, ஒரு கதை ஏட்டிலும் இந்த எண்கள் வரிசை வரிசையாக அச்சேறியிருக்கின்றன. ஆம், கதை ஏட்டில்தான்! டானியல் டீபோ தீட்டி, 1722இல் வெளிவந்த ‘கொள்ளை நோய் ஆண்டின் குறிப்பேடு’ எனும் நூலைத்தான் குறிப்பிடுகிறோம்.

‘ராபின்சன் குரூசோ’வின் ஆசிரியர் என்றால் நம்மவர்க்கு டீபோவை எளிதில் அடையாளம் தெரியும். தனித்தீவில் தவித்தவன் கதையைப் படித்துச் சுவைத்தவர்கள், இந்த நூலைக் கையிலெடுத்ததும் திகைக்கிறார்கள். கதைத்தலைவனின் காதல் இல்லை, வீரம் இல்லை, அத்தியாயப் பிரிவுகூட இல்லை; பக்கத்துக்குப் பக்கம் பட்டியல்! “கதைக்குள்ளே கணக்கு வழக்கா?” என்று முகஞ்சுளித்துத் தாளைப் புரட்டிவிடுவோர் உண்டு. கல்லூரி வகுப்பிலேயே, பட்டியல்கள் தேர்வுக்கு வாரா என்று கூறி அவற்றைத் தாண்டிச் சென்றனர் நம்முடன் பயின்றோர் பலர். நாம் கூறுவது இது: இந்நூலின் உயிர் அந்தப் பட்டியல்களில்தான் இருக்கிறது. எண்ணைக் கண்டு மிரளாமலும், எண்ணுக்கு அடிமையாகாமலும், எண்ணை நிறுத்தி வைத்துக் குறுக்கு விசாரணை செய்வது எப்படி என்பதைக் காட்டும் இலக்கியம் வேறு எத்தனை உண்டு? கொரோனாக் காலத்தைக் கடந்து வந்த நமக்கு, அந்த விசாரணை வெறும் இலக்கியச் சுவைக்குரியது மட்டும் அல்ல.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். இது நேரில் கண்டவர் எழுதிய நாட்குறிப்பு அல்ல. கொள்ளை நோய் இலண்டனைச் சூறையாடிய ஆண்டில் டீபோ ஐந்து வயது மதிக்கத்தக்க சிறுவர். 57 ஆண்டுகள் கழித்து, சேணம் விற்கும் வணிகர் ஒருவர் தம் வாய்ப்படக் கூறுவதுபோல் நூலை அமைத்தார். அந்த வணிகரின் முழுப் பெயர் நமக்குக் கிடைப்பதில்லை, எச்.எப். என்ற இரண்டெழுத்து மட்டும் கடைசியில் கிடைக்கிறது. 1720இல் பிரான்சு நாட்டின் மார்செயில்சு துறைமுகத்தில் பிளேக் புகுந்து பேரழிவு செய்த சேதி கேட்டு, இங்கிலாந்து நடுங்கிக்கொண்டிருந்த வேளை அது. மீண்டும் வருமோ, வந்தால் என் செய்வது என்ற அச்சம் நாட்டைப் பிடித்திருந்தது. அந்த அச்சத்துக்கு விடையாகப் பழைய பட்டியல்களைத் தோண்டியெடுத்தார் டீபோ. கதைமாந்தர் கற்பனை, எண்களோ 1665இல் அச்சாகி விற்கப்பட்ட உண்மையான சாவுப் பட்டியல்களிலிருந்து எடுத்தவை.

அந்தப் பட்டியல் எப்படி உருவாயிற்று? இதை அறியாமல் எண்ணை மட்டும் படிப்பவர், அளக்கும் படி ஓட்டையா என்று பாராமல் நெல்லை அளப்பவரே ஆவார். ஒவ்வொரு தேவாலய வட்டாரத்திலும், பிணம் பார்த்து நோய் இன்னதென்று கூற, ஏழை மூதாட்டியரை அமர்த்தியிருந்தனர். மருத்துவம் பயின்றவர்களல்லர், வட்டாரத்தின் உதவித் தொகையில் வயிறு வளர்த்தவர்கள். அவர்கள் கூறியதைத் தேவாலயக் கணக்கர் குறித்துக்கொள்வார். வாரந்தோறும் எல்லாக் கணக்கும் ஒன்றுசேர்ந்து அச்சாகும். பணம் கொடுத்து அதனை வாங்கிப் படித்தனர் செல்வர்கள் — ஊரில் இருப்பதா, ஓடிவிடுவதா என்று முடிவு செய்ய!

மூதாட்டியரின் சொல்லை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வியை டீபோவுக்கு முன்பே எழுப்பியவர் ஜான் கிரான்ட். ஊசி, நூல், பொத்தான் போன்ற சில்லறைப் பொருள் விற்ற கடைக்காரர் அவர். பல்கலைக் கழகப் பட்டதாரியல்லர். 1662இல் அவர் வெளியிட்ட நூல் சாவுப் பட்டியல்களைப் பிரித்துப் பிரித்து ஆராய்ந்தது. ஒரு குவளைச் சாராயமும் கையில் திணித்த சில்லறையும் நோயின் பெயரை மாற்றிவிடும் என்பதை அவர் ஒளிக்காமல் கூறினார். 1625ஆம் ஆண்டின் பிளேக்கைப் பற்றி அவர் போட்ட கணக்கு, பள்ளிப் பிள்ளைகளுக்கும் புரியக்கூடியது. அவ்வாண்டு பிளேக் என்று எழுதப்பட்ட சாவு 35,417. மற்ற நோய்களால் என்று எழுதப்பட்டது 18,848. நல்ல ஆண்டுகளில் மற்ற நோய்கள் எத்தனை பேரைக் கொண்டுபோகும்? ஏழாயிரம், எட்டாயிரம். இந்த ஆண்டு மட்டும் அவை ஏன் 18,000க்கு மேல் தாவின? மிகையாக வந்த சுமார் 11,000 பேரும் பிளேக்கில் மாண்டவர்களே; வேறு பெயரில் புதைக்கப்பட்டனர் என்று முடிவு கட்டினார் கிரான்ட். பிளேக்கின் உண்மைச் சாவில் நான்கில் ஒரு பங்கு, பட்டியலில் முகமூடி அணிந்து கிடந்தது!

இந்தக் கடைக்காரரின் கண்ணைத்தான் டீபோ தம் சேணக்காரருக்குப் பொருத்தியிருக்கிறார். நூலின் தொடக்கப் பக்கங்களைப் பாருங்கள். 1664ஆம் ஆண்டின் இறுதியில் ட்ரூரி சந்துப் பக்கம் இருவர் மாண்டனர், வீட்டார் மறைக்க முயன்றனர், மறைக்க முடியவில்லை. பட்டியலில் பிளேக் 2 என்று வந்தது. பிறகு அதே வீட்டில் இன்னும் ஒருவர். பிறகு, அமைதி. சனவரித் திங்கள் முழுவதும் பிளேக் என்ற சொல்லுக்கு நேரே எண் இல்லை. ஊர் பெருமூச்சு விட்டது. ஆனால் சேணக்காரரின் கண் அந்தச் சொல்லில் நிற்கவில்லை. பட்டியலின் அடியில் இருக்கும் மொத்தத்துக்குச் சென்றது. வழக்கமாக வாரத்துக்கு 240 முதல் 300 வரை புதைக்கப்படும் மாநகரில் 291, 349, 394, 415, 474 என்று வாரந்தோறும் ஏறிக்கொண்டே போயிற்று மொத்தச் சாவு! கடுங்குளிர் கொன்றதா, பெயர் மாற்றிக்கொண்ட பிளேக் கொன்றதா? அந்த ஐயத்தை ஐயமாகவே நம்முன் வைக்கிறார். பின்னர் புள்ளிக் காய்ச்சல், காய்ச்சல், பல் முளைக்கும் கோளாறு என்ற தலைப்புகளெல்லாம் வீங்கியபோது, ஐயம் உறுதியாகிறது.

மொத்தத்தைப் பார் என்ற அந்தப் பாடம் இன்றும் மாறவில்லை. 2020, 2021 ஆகிய இரண்டாண்டுகளில் கொரோனாவால் மாண்டதாக உலக நாடுகள் எழுதிய கணக்கு சுமார் 54 லட்சம். வழக்கமான சாவுக்கு மேல் எத்தனை பேர் மாண்டனர் என்று பார்த்து உலகச் சுகாதார நிறுவனம் 2022 மே திங்களில் வெளியிட்ட மதிப்பீடோ ஒரு கோடியே 49 லட்சம்! தொற்றால் நேரே மாண்டவர்களோடு, மருத்துவமனைகள் நிரம்பி வழிந்ததால் வேறு நோய்க்கு மருத்துவம் கிட்டாமல் மாண்டவர்களும் அதில் அடங்குவர். இந்தியாவுக்கு அந்நிறுவனம் கூறிய எண்ணை இந்திய அரசு ஏற்கவில்லை. கணக்கிட்ட முறையே தவறு என்றது. சென்னையிலும் பார்த்தோம்: 2020 சூலை 22 அன்று, முன்பு விடுபட்டுப்போன 444 சாவுகளைக் கணக்கில் சேர்த்தது தமிழக அரசு. முதல் நாள் வரை அந்த 444 பேரும் எங்கே இருந்தனர்? இடுகாட்டில் இருந்தனர், பட்டியலில் இல்லை.

ஏன் மறைத்தனர் இலண்டன் மக்கள்? இங்கேதான் டீபோவின் எழுத்தில் சூடு பிறக்கிறது. நோய் கண்ட வீட்டை வெளியே பூட்டிவிடுவது அன்றைய சட்டம். கதவில் செந்நிறச் சிலுவை. வாயிலில் இரவும் பகலும் காவலாள். உள்ளே நோயாளியோடு நோயற்றவரும் வாரக்கணக்கில் சிறை! ஒருவருக்குக் காய்ச்சல் என்று வாய் திறந்தால், குடும்பமே அடைபட்டுச் சாகும் என்ற நிலையில், யார் உண்மை பேசுவர்? பணம் உள்ளவர் மூதாட்டியின் கையை நனைத்தனர். பணம் இல்லாதவர் காவலாளை ஏய்த்துப் பின்சுவர் ஏறிக் குதித்து, நோயையும் சுமந்துகொண்டு ஊரெங்கும் திரிந்தனர். தண்டனை கடுமையாகக் கடுமையாகக் கணக்கு பொய்யாயிற்று. கணக்கு பொய்யாகப் பொய்யாக நோய் பரவிற்று. வீடுகளைப் பூட்டும் முறை தீமையே செய்தது என்று சேணக்காரர் திரும்பத் திரும்ப வாதிடுகிறார். இரக்கம் மட்டும் அந்த வாதத்துக்கு அடிப்படையன்று. எண் கெட்டுவிடும் என்ற அறிவும் அடிப்படை. டீபோவின் சமூகப் பார்வை இந்நூலில் மிகக் கூர்மையாக வெளிப்படும் இடம் இதுவே என்போம்.

அந்நாளில் வாழ்ந்து, உண்மையாகவே நாட்குறிப்பு எழுதிய சாமுவேல் பெப்பீசும் இதற்குச் சான்று தருகிறார். ஒன்பது பேர் மாண்டனர், நான் ஆறு என்றுதான் எழுதி அனுப்பினேன் என்று அவருடைய வட்டாரக் கணக்கரே ஆகஸ்டுத் திங்கள் இறுதியில் அவரிடம் ஒப்புக்கொண்டார். அந்த வாரத்துப் பட்டியல் பிளேக்கால் 6,102 என்றது. உண்மை பத்தாயிரத்தை எட்டும் என்று அஞ்சினார் பெப்பீசு. காரணம் இரண்டு கூறினார். பெருகிய சாவில் ஏழைகளைக் கவனிப்பார் இல்லை. குவேக்கர் போன்ற பிரிவினர் தேவாலய மணி ஒலிக்க விரும்புவதில்லை. ஏழைப் பிணத்துக்கு எண்கூட இல்லை! ஆல்ட்கேட்டில் வெட்டிய பெருங்குழியில் இரண்டே வாரத்தில் 1,114 உடல்களைக் கொட்டினர் என்று எழுதுகிறார் டீபோ. இருட்டில் வண்டி வண்டியாக வந்து விழுந்தவற்றை யார் நின்று எண்ணியிருப்பர்? வண்டியோட்டியே மாண்டு, குதிரை தானே வண்டியை இழுத்துச் சென்ற கதையையும் அவர் கூறுகிறார்.

இதுவரை கூறியதெல்லாம் மாண்டவர் கணக்கு. நூலின் பிற்பகுதியில், திறனாய்வாளர்கள் அதிகம் தங்காத ஒரு பக்கம் இருக்கிறது. நமக்கு அதுவே சிறந்த பக்கமாகப் படுகிறது. சேணக்காரரின் நண்பர், மருத்துவர் ஹீத், பேசுகிறார். வாரத்துக்கு 8,000க்கு மேல் மாண்டுகொண்டிருந்த உச்ச நாட்கள். ஊரே இனி எவரும் பிழையார் என்று கைவிட்ட வேளை. அப்போது அவர் கூறுவதன் சாரம் இது: இப்போது நோயுற்றுக் கிடப்போரின் தொகையைப் பார்த்தால், சென்ற வாரம் 20,000 பேர் மாண்டிருக்க வேண்டும், எட்டாயிரம்தான் மாண்டனர். இரு வாரங்களுக்கு முன்பு நோய் இரண்டு மூன்று நாட்களில் கொன்றது. இப்போது எட்டு, பத்து நாட்களாகின்றன. அன்று ஐந்து பேரில் ஒருவர் பிழைப்பதே அரிது. இன்று ஐந்தில் இருவருக்கு மேல் சாவதில்லை. ஆகவே அடுத்த பட்டியல் குறையும்.

அவர் கூறியபடியே குறைந்தது. அடுத்த வாரம் 6,460!

எண்ணிப் பாருங்கள் அன்பர்களே! அந்த மாநகரில் எல்லோரும் மாண்டவர்களை மட்டும் எண்ணிக்கொண்டிருக்க, இந்த மருத்துவர் நோயுற்றவர்களை எண்ணினார். மாண்டவர் எத்தனை என்பது ஒரு கேள்வி. நோயுற்றோரில் மாண்டவர் எத்தனைக்கு எத்தனை என்பது வேறு கேள்வி. ஊர் மக்களில் மாண்டவர் எத்தனைக்கு எத்தனை என்பது மூன்றாவது கேள்வி. மூன்றையும் ஒரே சொல்லில், ‘சாவு விகிதம்’ என்று போட்டுக் குழப்புவது இன்றும் நம் நாளேடுகளின் வழக்கம். அவ்வாண்டு பட்டியல் எழுதிய பிளேக் சாவு 68,596. பட்டியலுக்குள் அடங்கிய பகுதியில் வாழ்ந்தோர் நான்கரை லட்சத்துக்குச் சற்று மேல் என்பது பின்னாளைய மதிப்பீடு. ஆக, ஊரில் நூற்றுக்குப் பதினைந்து பேர். இதைக் கண்டு, பிளேக் வந்தால் நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் பிழைப்பர் என்று எவரேனும் கூறினால், என்ன ஆகும்? மருத்துவம் இல்லாத நிலையில், நெறி கட்டும் பிளேக் நோய் கண்டோரில் நூற்றுக்கு 30 முதல் 60 பேர் வரை மாள்வர் என்பது இன்றைய மருத்துவ நூல்கள் கூறுவது. நுரையீரலைத் தாக்கும் வகையிலோ பிழைப்பவர் மிக மிக அரியர். வகுத்த எண் எது என்று கேளாமல் வந்த ஈவை மட்டும் நம்பினால் இந்தக் கதிதான்.

மருத்துவர் ஹீத்தின் பேச்சை அப்படியே விழுங்கிவிடவும் நாம் ஆயத்தமாக இல்லை. ஐந்தில் நால்வர் மாண்ட நிலை, ஐந்தில் இருவராக மாறிற்று என்கிறார். அதாவது பாதி. சென்ற வாரம் 8,000 மாண்டனர் என்றால், பழைய கொடுமை நீடித்திருந்தால் 16,000 என்றல்லவா வரவேண்டும்? 20,000 என்கிறாரே, மீதி நாலாயிரம் எங்கிருந்து வந்தது? விடை அவர் பேச்சிலேயே இருக்கிறது. அவர்தான் அதைப் பிரித்துக் காட்டவில்லை. இரண்டு நாளில் கொன்ற நோய் பத்து நாள் எடுத்துக்கொள்கிறது என்றால், இந்த வாரம் மாளவேண்டியவரில் ஒரு பகுதியினர் அடுத்த வாரம்தான் மாள்வர். இன்றைய பட்டியல் குறைவது முழுவதும் பிழைத்ததால் அன்று. ஓரளவு, சாவு தள்ளிப்போனதாலும்தான்! ஐந்தில் இருவர் என்று அவர் எண்ணியபோது, எஞ்சிய மூவரில் எத்தனை பேர் நலம் பெற்று எழுந்தவர்? எத்தனை பேர் இன்னும் படுக்கையில் கிடந்தவர்? மேலும், முதலில் கதவை மூடி மறைத்தவர்கள், நோய் எங்கும் நிறைந்தபின் மறைப்பதை விட்டுவிட்டிருப்பர். இலேசான நெறிக்கட்டோடு நடமாடியவர்களும் மருத்துவர் கண்ணில் பட்டிருப்பர். நோய் தணிந்திருக்கலாம், பார்க்கும் கண் அகன்றும் இருக்கலாம். இரண்டும் பட்டியலில் ஒரே தோற்றம்தான் தரும்.

படுக்கையில் கிடப்பவரைப் பிழைத்தவராக எண்ணும் பிழைக்கு ஒரு சிறு கணக்குப் போதும். பத்துப் பேருக்கு நோய். இன்றுவரை ஒருவர் மாண்டார், இருவர் எழுந்து நடந்தனர், எழுவர் படுக்கையில். பத்தில் ஒருவர்தானே மாண்டார், நூற்றுக்குப் பத்து என்று கூறலாம். முடிவு தெரிந்த மூவரில் ஒருவர் மாண்டார், நூற்றுக்கு முப்பத்து மூன்று என்றும் கூறலாம். வகுப்பில் நாம் இதைக் கரும்பலகையில் எழுதியபோது, “எது சரி ஐயா?” என்று கேட்டனர் பிள்ளைகள். எழுவரின் முடிவு தெரியும்வரை இரண்டும் சரியல்ல என்றோம். அவர்களுக்கு அந்த விடை பிடிக்கவில்லை. கணக்கு என்றால் விடை ஒன்றுதான் இருக்க வேண்டுமாம்!

பிடிக்காத அந்த விடையை உலகம் 2003இல் நேரில் கண்டது. சார்ஸ் நோய் புதிதாகத் தோன்றியபோது, கண்டறியப்பட்டோரில் நூற்றுக்கு நால்வர் அளவில் மாள்வதாக முதலில் கணக்கிட்டனர். நோயாளிகள் பலர் அப்போது மருத்துவமனைப் படுக்கையில் இருந்தனர். மே திங்களில் உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பீட்டை நூற்றுக்கு 14, 15 என்று உயர்த்தியது. 24 வயதுக்கு உட்பட்டோரில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. 65 வயதைத் தாண்டியோரில் பாதிக்கு மேல் என்றும் அதே அறிக்கை கூறிற்று. எல்லாம் முடிந்தபின் எண்ணிப் பார்த்தபோது, 8,096 பேரில் 774 சாவு. நூற்றுக்கு ஒன்பதரைக்குச் சற்று மேல். முதல் எண் பொய்த்தது. ஒற்றைச் சராசரி எண்ணோ இளைஞருக்கும் பொருந்தவில்லை, முதியவருக்கும் பொருந்தவில்லை.

2020இலோ வேறு பக்கம் சாய்ந்தது தராசு. கண்டறியப்பட்டோரில் நூற்றுக்கு 3.4 பேர் மாண்டனர் என்று மார்ச்சு 3ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைவர் கூறினார். ‘கண்டறியப்பட்டோரில்’ என்ற சொல் தலைப்புச் செய்தியாகும்போது உதிர்ந்துபோயிற்று. தொற்றிய ஒவ்வொருவருக்கும் இதுதான் விதி என்பதுபோல் ஊர் பேசிற்று. சோதனை செய்யப்படாதோர், நோய்க்குறியே காணாதோர் எத்தனை பேர் என்பது அன்று தெரியாது. சப்பான் நாட்டுத் துறைமுகத்தில் நிறுத்தப்பட்ட டைமண்ட் பிரின்சசு கப்பலில் 3,711 பேர் இருந்தனர். ஏறத்தாழ அனைவரையும் சோதித்தனர். 712 பேருக்குத் தொற்று. அவர்களில் பெரும் பகுதியினர், சோதித்த வேளையில் எந்தக் குறியும் இல்லாமல் இருந்தனர்! பின்னர் இரத்தத்தைச் சோதித்த ஆய்வுகள், தொற்றியோர் தொகை பதிவான தொகையைப்போல் பன்மடங்கு என்று பல நாடுகளில் காட்டின. விகிதம் இறங்கியது. இறங்கியதும் என்ன செய்தனர் சிலர்? நூற்றுக்கு ஒருவர்கூட இல்லையாம், வெறும் சளிக் காய்ச்சலாம் என்று எள்ளி நகையாடக் கிளம்பினர். வகுக்கும் எண் பெரிதானால் ஈவு சிறிதாகும். மாண்டவர் எவரும் அதனால் எழுந்து வந்துவிடமாட்டார். சிறிய விகிதத்தைக் கோடிக்கணக்கான மக்களோடு பெருக்கினால் வருவதே நாம் முன்னே காட்டிய ஒரு கோடியே 49 லட்சம்.

டீபோவிடம் குறை இல்லையா? உண்டு. ஊரில் இருப்பதா, ஓடுவதா என்ற முடிவை அவருடைய சேணக்காரர் எப்படி எடுக்கிறார் தெரியுமா? வாரப் பட்டியலை வரிவரியாக ஆய்ந்த அதே மனிதர், விவிலியத்தைக் கண்டபடி திறந்து, கண்ணில் பட்ட 91ஆம் சங்கீதத்தைக் கட்டளையாக எடுத்துக்கொள்கிறார்! வால்மீனைக் காட்டி மிரட்டிய சோதிடர்களையும், எழுத்துக்களை முக்கோணமாக அடுக்கிய தாயத்தை விற்றவர்களையும் நையாண்டி செய்தவர் அவர்தான். தாயத்துக் கட்டியவர்களும் பிணவண்டியில் போனார்கள் என்று சுட்டிக் காட்டியவரும் அவரே. சங்கீதத்தை நம்பித் தங்கியவர்களில் எத்தனை பேர் அதே வண்டியில் போனார்கள் என்று ஏன் கேட்கவில்லை? போனவர்கள் நூல் எழுத வரவில்லை. தங்கிப் பிழைத்தவர் எழுதினார். மாண்டவரை மட்டும் எண்ணினால் ஒரு பக்கப் பொய். பிழைத்தவர் பேச்சை மட்டும் கேட்டால் மறுபக்கப் பொய். நோய் தணிந்ததற்கு ஆண்டவன் விரலே காரணம் என்று இறுதியில் முடித்துவிடுவதும், மருத்துவர் ஹீத்தின் பேச்சைக் கேட்டவரிடம் நாம் எதிர்பாராதது. சேணக்காரரின் காலத்து நம்பிக்கையை டீபோ நேர்மையாகத் தீட்டினார் என்று வாதிடுவோர் உண்டு. இருக்கலாம். ஆனால் தாயத்தைக் கேட்ட கேள்வியைச் சங்கீதத்திடம் கேட்காமல் விட்டது, தீட்டியவரின் தூரிகையிலும் தயக்கம் இருந்ததையே காட்டுகிறது.

இக்குறையை ஈடுசெய்யும் பக்கங்கள் உடனே வருகின்றன. பட்டியல் இறங்கத் தொடங்கியதும் மக்கள் என்ன செய்தனர் என்று விவரிக்கும் பக்கங்கள் அவை. குறைந்தது, குறைந்தது என்ற கூச்சல்! புண் ஆறாதவனோடு கைகுலுக்கினர், ஓடிப்போனவர்கள் மூட்டை முடிச்சோடு திரும்பினர், கடைகள் திறந்தன. மருத்துவர்கள் எச்சரிக்கைத் தாள் அச்சடித்து வீதிதோறும் பரப்பியும் கேட்பார் இல்லை. நவம்பர் முதல் வாரத்திலேயே சாவு 400 மிகுந்தது. அந்த வாரத்தில் புதிதாக நோயுற்றோர் 3,000க்கு மேல் என்று மருத்துவர்கள் கூறியதாக எழுதுகிறார் டீபோ. இறங்கும் பட்டியல் காட்டியது முன்பு நோயுற்றோரின் முடிவை. இன்று நோயுறுவோரை அது காட்டவே இல்லை. அதைக் காண வேறு பட்டியல் தேவை. இலண்டனில் அது அச்சாகவில்லை.

திரும்பி வந்தவர்களில் ஒரு நாவிதர். பெயர் ஜான் காக். வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு நாட்டுப்புறம் போயிருந்தவர், எல்லா நோய்களாலும் சேர்த்து வாரத்துக்கு 905 பேர்தான் சாகின்றனர் என்று கேட்டுத் துணிந்து திரும்பினார். எட்டாயிரத்தோடு ஒப்பிட்டால் 905 சிறிய எண்தான். 300ஐ எட்டாத பழைய வாரங்களோடு ஒப்பிட்டிருந்தால் மும்மடங்கு! அந்த ஒப்பீட்டை அவருக்கு எடுத்துச் சொல்வார் இல்லை. அவர், அவருடைய மனைவி, ஐந்து மக்கள், தொழில் பழக வந்த இரு இளைஞர், ஒரு வேலைக்காரி — பத்துப் பேர். கடை திறந்து ஒரு வாரம் ஆகுமுன் நோய் நுழைந்தது. ஐந்தாறு நாட்களில் ஒன்பது பேர் மாண்டனர். எஞ்சியவள் வேலைக்காரி ஒருத்தி மட்டுமே.

அவளுக்கும் நோய் கண்டு மீண்டதா, காணவே இல்லையா? டீபோ கூறவில்லை. நோயுற்ற ஒன்பது பேரில் ஒன்பது சாவா, பத்துப் பேரில் ஒன்பதா என்பது அவள் ஒருத்தியைப் பொறுத்தது. அவளிடம் கேட்டு எழுதிக்கொள்ள எந்த வட்டாரக் கணக்கரும் அந்த வீட்டுக்கு வரவில்லை. பிணம் இருக்கும் வீட்டுக்குத்தானே அவர்கள் வருவார்கள்!